தொகை முதல் வரியில்

நான்கு இலட்சத்து ஆறாயிரம் ரூபாய். இருபத்தொன்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்த லெட்சுமிக்குத் தோட்டம் தரவேண்டிய பணிக்கொடை அது. அவள் தோட்டத்தை நடத்துகிற துரைக்கு எழுதிய முதல் கடிதத்தில் கும்பிடுகளும் முழங்கால் வலியும் இரண்டு பக்கம் இருந்தன, தொகை இல்லை. கொழும்பு வர்த்தக நீதிமன்றத்தில் பதினெட்டு வருடம் நீதிபதியாக இருந்துவிட்டு, இப்போது பொகவந்தலாவையில் தன் வாப்பாவின் பழைய துணிக்கடையில் ஞாயிறுதோறும் எங்களுக்குக் கடிதம் எழுதப் பழக்குகிற ஜிப்ரியா அம்மா, "வரவேண்டிய காசுக்குக் கும்பிடு எதுக்குங்க?" என்று அதையெல்லாம் சிவப்புப் பேனாவால் வெட்டி, தொகையை முதல் வரிக்கு ஏற்றினார். இன்று கூரைத் தகரத்தில் மழை மெல்லத் தட்டுகிறது. கண்ணாடி அலுமாரியில் விழும் வெளிச்சம் பாலில்லாத பிளேன்டீயின் நிறத்தில் இருக்கிறது. லெட்சுமி கறை படிந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, துரையின் பதில் கடிதத்தையும் காசோலையையும் மேசையில் வைக்கிறாள். அம்மா காசோலையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கடிதத்தை எடுக்கிறார். சிவப்புப் பேனா இறங்குகிறது. "ஒரு பக்கம் வருத்தம் தெரிவிச்சிட்டு, தொகைய கடைசியிலதானே போட்டிருக்காரு" என்கிறார் அம்மா. "அடுத்த ஞாயிறு துரையையும் வரச் சொல்லுவோமுங்களா?" என்கிறேன் நான். விழுந்த பல்லின் இடைவெளி தெரியச் சிரித்தபடி, லெட்சுமி தன் கடித நகலின் முதல் வரிக்குப் பக்கத்தில், அவசரமில்லாமல், 'கிடைத்தது' என்று எழுதுகிறாள்.