ஹொன்னக்காவின் பல்செட்டு

பத்துக் கேள்விக்கும் ‘மிகவும் திருப்தி’. நோயாளி நிரப்பிக் கொடுத்த அந்தக் கருத்துத் தாளை, பல் மருத்துவக் கல்லூரியின் துறைத் தலைவர் டாக்டர் பாட்டீல் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். சைத்ராவுக்கோ முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹொன்னக்கா சென்னகிரியில் பாக்கு உரிக்கிறவள். வாயில் ஒரு பல்கூட இல்லாமல் வந்தவளுக்கு மூன்று மாதத்துக்கு முன் முழுப் பல்செட்டு செய்து மாட்டிவிட்டவள் சைத்ரா. இறுதியாண்டில் இப்படி ஐந்து பேருக்குச் செய்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். ஹொன்னக்கா ஐந்தாவது ஆள்.

ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்தாலும், மூவாயிரம் கட்டணம் என்றதும் எழுந்து போய்விடுவார்கள். அதனால் மாணவர்களே கமுக்கமாகத் தங்கள் கைக்காசைக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். சைத்ராவும் அதைத்தான் செய்திருந்தாள்.

இந்த வருடம் பாட்டீல் உஷாராகிவிட்டார். மாணவர் பணம் கட்டியது தெரிந்தால் அந்த ஆளைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நோயாளியிடம் அவரே நேரில் விசாரிக்கவும் ஆரம்பித்திருந்தார்.

பல்செட்டைக் கழற்றி வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அவர். “வெத்தலைபாக்கு போடுவீங்களாம்மா?”

சிவந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு, அது இல்லாவிட்டால் கை வேலையே ஓடாது, ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இடித்துப் போட்டுக்கொள்வேன் என்றாள் ஹொன்னக்கா.

“அப்படியும் ஒரு கறை இல்ல, பாருங்க. நேத்து வாங்கினது மாதிரி வச்சிருக்காங்க,” என்று மாணவர்களிடம் காட்டிவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார். “பணம் யாரு கட்டினதும்மா?”

சைத்ரா ஹொன்னக்காவையே பார்த்தாள். காலையில் பஸ் ஸ்டாண்டிலேயே ஹொன்னக்காவை மடக்கி, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சியிருந்தாள்.

“நான்தான் சார். பாக்கு உரிச்ச காசு.” ஹொன்னக்கா கண்கூட இமைக்கவில்லை.

பாட்டீல் பல்செட்டைத் திருப்பி மாட்டிவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். கூட்டாளிகள் கைதட்டினார்கள். சைத்ராவுக்கு உடம்பே கூசியது. உழைத்துச் சாப்பிடுகிற மனுஷியை, தன் அம்மா வயதுக்காரியை, நாலு பேர் முன்னால் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கையைப் பிடித்துக் கேன்டீனுக்கு அழைத்துப் போய் ஒரு வெண்ணெய் தோசை வாங்கிக் கொடுத்தாள். ஹொன்னக்கா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளே தவிர, தோசையில் கை வைக்கவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தாள் சைத்ரா.

“அக்கா, என் பரீட்சைக்காக உங்களைப் பொய் சொல்ல வச்சுட்டேன். ரொம்ப வெக்கமா இருக்கு.”

“எந்தப் பொய்யைச் சொல்றே தாயி?”

ஹொன்னக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். மேல் செட்டு, கீழ் செட்டு இரண்டையும் கழற்றி, மடியிலிருந்த டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பிறகு தோசையைப் பிய்த்துச் சட்னியில் நன்றாக ஊறவைத்து, ஈறாலேயே நிம்மதியாக மெல்ல ஆரம்பித்தாள்.

“என் காசு போட்டிருந்தா, கடிக்கவே முடியலைன்னு அன்னிக்கே சண்டைக்கு வந்திருப்பேன்.”