வார்டோவுக்குப் பாதி தூரம்

விமானத்தில் இருந்தவர்கள் மூவர்: தில்லையம்பலம், அவர் மகள் சாருகா, மருமகன் நிரோஜன். விமானி என்று எவரும் இல்லை; விமானம் தானே பறந்தது. நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்ஃபெஸ்ட்டிலிருந்து வார்டோவுக்கு இருநூற்றெழுபது கிலோமீட்டர், நாற்பது நிமிடப் பறப்பு. உள்ளே அடிதடி நடந்தால், பாதி தூரம் தாண்டுவதற்குள் என்றால் விமானம் தானாகத் திரும்பிவிடும். தாண்டிவிட்டால் போகிற ஊருக்கே போய்ச் சேரும்.

கணவனோடு கோபித்துக்கொண்டு ஹம்மர்ஃபெஸ்ட்டுக்குத் தன்னிடம் வந்திருந்த மகளை, குடும்ப மானம் கெடக்கூடாதென்று தில்லையம்பலமே வார்டோவில் அவன் வீட்டில் கொண்டுபோய் விடப் புறப்பட்டிருந்தார். மேகத்துக்குள் விமானம் குலுங்கியபோது அவள் சால்வை சரிந்தது. கழுத்தில் ஐந்து விரல்களும் கறுத்துப் பதிந்திருந்தன.

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“மானம் மானமெண்டு நிண்டீங்கள். எப்பிடியப்பா சொல்லுறது?”

நிரோஜன் சிரித்தான். “வார்டோவில இறங்கினால் அது எங்கட வீட்டு விசயம், மாமா. நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு அடுத்த பிளேனில போங்கோ.”

பாதி தூரத்துக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டர் இருப்பதாகத் திரை காட்டியது. தில்லையம்பலம் பெல்ட்டைக் கழற்றி எழுந்து, மருமகனின் வாயில் குத்தினார். தயவுசெய்து அமரும்படி விமானம் பணிவாகக் கேட்டது. மறுபடி குத்தினார். பல் தெறித்தது, விமானம் நேராகவே போனது. மூன்றாவது குத்தில் மூக்கு உடைந்து ரத்தம் ஜன்னலில் அடித்தது. அப்போதுதான் விமானம் ஒருபக்கம் சாய்ந்து, வந்த வழியே திரும்பியது.

“பொலிஸ் நிக்குமப்பா.”

“நிக்கட்டும். நீ எங்கட வீட்டை போ.”

விமானம் குலுங்கியதில் மருமகன் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டான் என்று ஹம்மர்ஃபெஸ்ட் தமிழர்கள் மரியாதைக்காகச் சொல்கிறார்கள். அவன் விழவில்லை. தில்லையம்பலம்தான் அடித்தார்.