சொந்த ஊரைத் தவிர

“வேணி பேர மட்டும் லிஸ்டுலேர்ந்து எடுத்துடுங்க மேடம். அது பாம்பக் காப்பாத்துற ஆளு இல்ல, பாம்ப அடிச்ச ஆளு.”

மாரியப்பன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், பாம்புகளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசும் தன்னார்வலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. கெடார் பக்கமிருந்து வேணியோடு சேர்த்து ஐந்து பேரைத் தன் குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்தவர் அவர். பயிற்சிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. வேப்பமர நிழலில் வண்டியிலேயே படுத்துக் கிடந்துவிட்டு, டீ நேரத்துக்கு மட்டும் சரியாக உள்ளே தலைகாட்டுவார்.

பயிற்சி நடத்துகிற மலர்விழி டம்ளரைக் கீழே வைத்தாள். மாரியப்பன் விவரம் சொன்னார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கும்போது, வேணியின் புருஷன் கோதண்டபாணியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வேணி கம்பை எடுத்துக்கொண்டு கொல்லை முழுக்கத் தேடி, அந்தப் பாம்பை அடித்தே கொன்றாள். ஆளைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

“நான்தான் மேடம் இதே வண்டில ஏத்திக்கினு வந்தேன். இருபத்தஞ்சே நிமிஷத்துல பெரியாஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினேன். அவனுக்குக் கொடுப்பினை இல்ல. வேணி நல்ல பொண்ணுதான், ஆனா ஆத்திரம் இருக்கத்தானே செய்யும்? நாளைக்கு எங்கனா ஒரு சாரைய அடிச்சிப் போட்டுச்சின்னா உங்களுக்குத்தான் பேஜாரு.”

மலர்விழி ஏற்கெனவே சூடுபட்டவள். போன வருஷம் அவள் தேர்ந்தெடுத்த ஒரு ஆள், நல்ல பாம்பைக் கழுத்தில் போட்டு செல்ஃபி எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். அதற்கு மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது இவள்தான். இந்த வேலைக்குப் பாம்பு பிடிக்கத் தெரிய வேண்டாம். எலியைத் தின்று பயிரைக் காப்பது பாம்புதான், அடிக்காதீர்கள், பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள் என்று நாலு பேரிடம் சொன்னால் போதும். ஆனால் வாய் சொல்வது மனசிலும் இருக்க வேண்டும் என்பதில் மலர்விழி பிடிவாதம் பிடிப்பாள்.

வேணியைப் பற்றி அவளுக்கே ஒரு நெருடல் இருந்தது. திரையில் பாம்புப் படங்கள் ஓடியபோது மற்ற பதினேழு பேரும் ஆவென்று பார்த்தார்கள். வேணியோ சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலுதவிப் பாடம் எப்போது என்று மட்டும் காலையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாள். அது நாளைக்குத்தான்.

விண்ணப்பமும் விநோதமாக இருந்தது. எந்தெந்த ஊர்களில் பேசுவீர்கள் என்ற கேள்விக்கு திருவாமாத்தூர், திண்டிவனம், மேல்சித்தாமூர் என்று பஸ் போகிற ஊரையெல்லாம் எழுதியிருந்தாள். கெடாரைக் காணோம். எல்லாரும் சொந்த ஊரைத்தான் முதலில் எழுதுவார்கள். அங்கே பேசப் போனால் இவள் குட்டு உடைந்துவிடும் என்றுதான் எழுதவில்லை போலிருக்கிறது என்று மலர்விழி இப்போது நினைத்தாள்.

சாயங்காலம் மற்றவர்களை அனுப்பிவிட்டு வேணியை மட்டும் நிறுத்திவைத்தாள்.

“உண்மையச் சொல்லுங்க வேணி. உங்க வீட்டுக்காரரக் கடிச்ச பாம்ப நீங்க அடிச்சிங்களா?”

“அடிச்சேன் மேடம்.”

அந்தக் கோபம் இன்னும் இருக்கிறதா என்று மலர்விழி கேட்டாள். பாம்பின்மேல் அன்றைக்கும் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை என்றாள் வேணி. மலர்விழிக்கு எரிச்சல் வந்தது. கோபம் இல்லாமலா ஒருத்தி கொல்லை முழுக்கத் தேடி அடிப்பாள்? அவள் பேனாவை எடுத்துப் பட்டியலில் வேணியின் பெயர்மேல் வைத்தாள்.

“பின்ன எதுக்கு அடிச்சிங்க?”

“டாக்டர்கிட்ட காட்டத்தான் மேடம். இன்னா பாம்புன்னு பாத்தாத்தான் ஊசி போடுவாங்கன்னு சொன்னாங்க. அவர வண்டில படுக்க வச்சிட்டு நான் பொதரு பொதரா தேடினேன். கண்டுபுடிச்சி, அடிச்சி, பையில போட்டுக்கினு வர்றதுக்குள்ள முக்கா மணி நேரம் போயிடிச்சி. டாக்டரு அந்தப் பையத் தொறக்கக்கூட இல்ல. இங்க கடிக்கிற விஷப் பாம்புக்கெல்லாம் ஒரே மருந்துதாம்மா, ஆள மட்டும் உடனே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாருன்னாரு.”

மலர்விழி பேனாவைப் பெயர்மேலிருந்து எடுத்தாள். ஆறு வருஷமாக அவளும் இந்தப் பாடத்தை நடத்துகிறாள். பாம்பைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள் என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். வேணி சொன்னால் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். தான் இவளைப் பற்றி நினைத்ததற்கு வெட்கப்பட்டுக்கொண்டே, பெயருக்கு நேராகப் பெரிதாக ஒரு டிக் போட்டாள்.

“இத மொதல்ல உங்க ஊர்லதான் சொல்லணும் வேணி. கெடார்லயே ஆரம்பிப்போம்.”

வேணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மரத்தடியில் மாரியப்பன், அவள் ஏறி உட்காருவதற்காக வண்டிப் பலகையைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அங்க மட்டும் வாணாம் மேடம். பாம்பு இல்லாம போயிப் பிரயோஜனம் இல்லன்னு அன்னிக்கு வண்டிய எடுக்காம நின்னது அந்த அண்ணன்தான். நல்லதுன்னு நெனச்சித்தான் நின்னாரு. டாக்டரு சொன்னது இன்னும் அவருக்குத் தெரியாது.”