சிவப்பு வேண்டாம்

“சைபர் வரைக்கும் ஒழுங்காத்தான் இறங்கி வந்துச்சும்மா. அப்புறம் பாரு, வேலி போட்ட மாதிரி நிக்குது.”

தையல்காரர் மடிக்கணினியைத் திறந்து மேஜைமேல் வைத்தார். கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவள் எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு எக்செல் பக்கம். மேலே ஒரு தேதி, அதன் கீழே இன்றைய தேதி. மூன்றாவது கட்டம் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சம் எத்தனை நாள் என்று சொல்லவேண்டும். அங்கேதான் எண்ணுக்குப் பதில் ##### என்று வேலி.

“கட்டம் ஒடுக்கமா இருக்கு மாஸ்டர். மைனஸ் குறிக்கு இடம் பத்தல.”

ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலப்படுத்தினாள். வேலி விலகி, மைனஸ் நாற்பத்தேழு சிவப்பாக வந்து நின்றது.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகளின் கவுனுக்குத் துணி கொடுத்துவிட்டு, ‘நாளைக்கு வா’ என்று இவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவள்.

“சொன்ன தேதி தாண்டி நாப்பத்தேழு நாளா? யாரு மாஸ்டர் அந்தப் பாவப்பட்ட ஜென்மம்? என்னைவிடப் பொறுமைசாலியா இருக்காங்களே.”

“உன் கவுன் நாளைக்கு ரெடி.”

“இதைத்தானே நேத்தும் சொன்னீங்க.”

அவரும் சிரித்தார். போன வருடம் முழுக்க இந்த மனிதர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதுத் துணி கொண்டுவந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். கையில் இருந்ததை மட்டும் ராப்பகலாகத் தைத்து, சொன்ன நாளுக்கு முன்பே கொடுத்து, தெருவையே வாய் பிளக்க வைத்தார். கொஞ்ச நாளாகத்தான் மறுபடி துணி வாங்குகிறார். மறுபடி இழுத்தடிப்பும் தொடங்கிவிட்டது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“இந்தச் சிவப்பு வேண்டாம்மா. வீட்டுல அவ பார்த்தா பயப்படுறா. பச்சை ஆக்கிடு.”

“தாமதத்துக்குப் பச்சையா?”

“ஆமா. அந்த மைனஸை எடுத்துட்டு பிளஸ் போட முடியுமா?”

“கணக்கையே மாத்தச் சொல்றீங்களே.”

“கணக்கு எப்படியோ போகட்டும். பார்க்க நல்லா இருக்கணும்.”

முடியும்தான். எண் எப்படித் தெரியவேண்டும் என்று எழுதும் இடத்தில், நடுவே ஓர் அரைப்புள்ளி வரும். அதற்கு முன்னால் எழுதுவது சைபருக்கு மேலே இருக்கும் எண்ணுக்கு. பின்னால் எழுதுவது கீழே இறங்கிவிட்ட எண்ணுக்கு. அவள் பின்பக்கத்தில் பச்சையையும் கூட்டல் குறியையும் சேர்த்தாள். உள்ளே கணக்கு அப்படியே இருக்க, வெளியே பச்சைப் பசேலென்று +47.

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

“நாளைக்கு நாப்பத்தெட்டு ஆயிடும்ல?”

“நீங்க போற போக்குல ஆயிரமே ஆகும் மாஸ்டர்.”

“உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்.”

இப்படியும் ஒரு மனிதர் கூச்சமில்லாமல் இருப்பாரா என்று அவளுக்கு லேசாகக் கோபம்கூட வந்தது. “கட்டத்துக்குத் தலைப்பே இல்லையே. ‘தாமதம்’னு போட்டுடவா?”

“‘லாபம்’னு போடும்மா.”

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். “உண்மையைச் சொல்லுங்க மாஸ்டர். இந்தத் தேதியை நீங்க யாருக்குக் குடுத்தீங்க?”

“நான் எங்கம்மா குடுத்தேன்,” என்றார் அவர், பச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுவரைக்கும்தான் உயிர் தாங்கும்னு டாக்டர் எனக்குக் குடுத்த தேதி அது.”