அரை நிமிட வெளிச்சம்

எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில் ஹென்றியின் மரப்படகு சாய்ந்து கிடக்கிறது. நாளைக் காலை அதை உடைக்க ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் நட்சத்திரங்களோடு சேர்த்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று மகள் ஜூடி ட்ரைபாடில் கேமராவை மாட்டியிருக்கிறாள். இருட்டில் கேமரா நிதானமாகப் பார்க்கும். ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்தால் நம் கண்ணுக்கு எட்டாத வெளிச்சத்தையும் துளித்துளியாகச் சேர்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அவள் டார்ச்சை ஓரமாகப் பிடித்து, வெள்ளையடிப்பதுபோல் பலகைகள்மேல் மெல்ல ஓட்டுகிறாள். ஒளி பட்ட இடமெல்லாம் படத்தில் எழும். இருட்டில் நடந்துகொண்டே இருப்பதால் அவள் மட்டும் படத்தில் விழமாட்டாள். ஷட்டர் மூடுகிறது. திரையில் படகின் ஒவ்வொரு ஆணியும் தெரிகிறது. மேலே துறைமுக விளக்குகளும் ஆலைப் புகைபோக்கியின் தீயும் சேர்ந்து வானத்தை ஆரஞ்சாக நிரப்பியிருக்கின்றன. “இன்னாம்மா, பட்டப்பகல்ல எடுத்த மாரி கீது,” என்கிறார் ஹென்றி. “ஒரு நட்சத்திரம்கூட வுழல நைனா.” “அது இல்லாங்காட்டி இது வெறும் வெறகும்மா.” கிழக்கே கையை நீட்டுகிறார். “ஆறாமீன், அந்த ஆறு நட்சத்திரமும் அங்கதான் கீது. அத்தப் பாத்துதான் கடலுக்குப் போவேன்.” “கைய அப்டியே வச்சிரு நைனா, ஆட்டாத.” மறுபடி ஷட்டரைத் திறந்து, அவர் கையின்மேலும் ஒளியை ஓட்டுகிறாள். அரை நிமிடம் தாங்க அந்தக் கையால் முடியவில்லை. படத்தில் படகு தெளிவாகக் கிடக்கிறது. கை புகையாகக் கலைந்து, ஒன்றுமில்லாத ஆரஞ்சைக் காட்டிக்கொண்டிருக்கிறது.