பரிசுத்த கிளியோரியன் திருநாள்

ஒரு ஆள் வசமாக ஏமாந்த கதை இது. கடைசியில் ஒரு சிரிப்பு நிச்சயம். ஆனால் உடனே தரமாட்டேன். அதற்கு முன்னால் எங்கள் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஜெப்சனைப் பார்த்து நீங்கள் பல்லைக் கடிக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் கடித்திருக்கிறோம்.

ஜெப்சன் சாருக்குச் சர்ச் நாட்காட்டிதான் உயிர். டிசம்பர் ஒன்றாம் தேதி, தொழிலாளர் லைனில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு காகித ஸ்டார் கட்டினேன். நாங்கள் கும்பிடுவது மாரியம்மனை. அழகாக இருந்தது, கட்டினேன். அவ்வளவுதான்.

வந்துவிட்டார்.

"ஏனுங்க, இது அட்வெந்துக் காலமுங்க! கிறிஸ்துமசுக்குக் காத்திருக்கிற காலம்! இருபத்தி நாலாந்தேதிக்கு முன்னால ஸ்டார் எதுக்குங்க? அவுருங்க!"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "அவுருங்க, அவுருங்க, இது அட்வெந்துங்க" என்று அவர் குரலிலேயே சொன்னேன். லைனே சிரித்தது. அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நான் யார் குரலிலும் பேசுவேன். ஹெச்.எம். குரலில் பேசி, பிளஸ் டூ வகுப்பையே வெயிலில் நிற்க வைத்தவள்.

சிரிப்பு இன்னும் வரவில்லை. பொறுங்கள்.

அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. சேலத்து ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஸ்கேன். தவறவிட்டால் அடுத்த தேதி பொங்கலுக்கு அப்புறம்தான். அம்மாவோடு நானும் ஆபீசுக்குப் போனேன்.

"சார், அரை நாள் லீவு மட்டும்..." என்று அம்மா இழுத்தாள்.

"பழம் செவந்து கொட்டுதுங்க சுகுணா! உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேரு வந்து நிப்பாங்க. பழமெடுப்பு நேரத்துல தனி ஆளுக்கு லீவு கெடையாது. முதலாளி உத்தரவுங்க."

"நொம்ப பயமா இருக்குதுங்க சார்."

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். துரை காலத்திலிருந்து எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம். பரிசுத்தவான் திருநாள் என்றால் பதினோரு மணிக்கு மணியடித்து, எல்லாருக்கும் அரை நாள் லீவு. எத்தனையோ முதலாளிகள் மாறியும் அதை யாரும் மாற்றவில்லை.

"அந்திரேயா முப்பதாந்தேதியே முடிஞ்சுபோச்சுங்க. அடுத்தது தோமா, இருபத்தொண்ணு. நடுவுல யாருமில்லீங்களே. சர்ச் ஆயரே போன் பண்ணிச் சொன்னாத்தான் உண்டு!" என்று எரிந்து விழுந்தார், என்னைப் பார்த்து.

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் நின்று, அம்மா செல்லில் எஸ்டேட் ஆபீசைக் கூப்பிட்டேன். அங்கே இருப்பது பழைய போன், நம்பர் காட்டாது. எங்கள் ஊர்ப் பாதிரியார்தான் ஆயர்; அவர் குரல் நொம்ப சுலபம். மூக்கடைப்பு, வாக்கியத்துக்கு ஒரு 'பிரியமானவரே', முடிவில் ஒரு இருமல்.

"பிரியமானவரே ஜெப்சன், நாளைக்குப் பரிசுத்த... பரிசுத்த..."

பெயரை யோசிக்கவே இல்லை! எதிரே கிளியூர் பஸ் திரும்பியது.

"...பரிசுத்த கிளியோரியன் திருநாள். பேராயர் புதுசா சேர்த்திருக்கார்."

அந்தப் பக்கம் நாட்காட்டித் தாள் புரளும் சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு.

"அவரு என்னங்க பண்ணுனாரு?"

"சிங்கத்துக்கு இரையானார், பிரியமானவரே."

"அட்வெந்துக்குள்ளயேவா?"

"சிங்கத்துக்கு அது தெரியல, பிரியமானவரே." இருமினேன்.

"...சரிங்க ஐயா. மணி அடிச்சுடறனுங்க."

இப்போது சிரிக்காதீர்கள். நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு மணி அடித்தது. பன்னிரண்டரைக்கு நானும் அம்மாவும் அடிவாரம் தாண்டியிருந்தோம். ஸ்கேன் முடிந்தது. ரிப்போர்ட்டுக்கு அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்கள்.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, மறுபடி போன் செய்தபோது எதிரே வந்தது வாழவந்தி பஸ்.

"பரிசுத்த வாழவந்தியுஸ்ஸுங்களா?" ஜெப்சன் சார் கிட்டத்தட்ட அழுதார். "ஐயா, களத்துல பழம் மலையாட்டம் கெடக்குதுங்க!"

ஆனாலும் மணி அடித்தது.

வெறும் கொழுப்புக் கட்டிதான், பயமில்லை என்றார் டாக்டர். திரும்பும்போது அம்மா பஸ்ஸில் கடலை வாங்கித் தின்றாள். மாதக்கணக்காக அவள் எதையும் ருசித்துத் தின்று நான் பார்க்கவில்லை.

எனக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை. பிறக்கவே பிறக்காத பரிசுத்தவானுக்கு லீவு தருகிற மனுஷன், கண்ணெதிரே நிற்கிற சுகுணாவுக்குத் தரமாட்டாராம்!

இருபத்தி நாலாம் தேதி சாயங்காலம் அம்மா முறுக்குக் கொடுத்து அனுப்பினாள். எஸ்டேட் ஆபீசில் ஜெப்சன் சார் ஸ்டூல் மேல் ஏறி, முணுமுணுத்துக்கொண்டே ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியில் ஆயர்.

"வாம்மா மேனகா. ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லையாமே?" மூக்கை உறிஞ்சினார். "திங்கட்கிழமைன்னா எனக்குக் காப்பி இங்கதான். நீ போன் பண்ணுன அந்த ரெண்டு திங்களும் இதே நாற்காலியிலதான் இருந்தேன். எனக்கு அவ்வளவாவா மூக்கடைக்குது?"

சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சொன்ன சிரிப்பு அதுதான்.

சுவரில் சர்ச் நாட்காட்டி. ஒன்பதிலும் பதினாறிலும் நீல மையில், ஜெப்சன் சாரின் குண்டுக் கையெழுத்தில் என் இரண்டு பரிசுத்தவான்கள்.

"பேரையாச்சும் கொஞ்சம் நல்லதா வெச்சிருக்கப்படாதா? முதலாளிக்கு எழுதி அனுப்பறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிப்போச்சு!" ஸ்டூல் மேலிருந்து கத்தினார். "ஆயர் போன் பண்ணுனாத்தான் உண்டுன்னு, உன்ற மூஞ்சியப் பாத்துத்தான சாமி சொன்னேன்?"