முன்சீட்டு மகாராணி

"தம்பி, அந்த சீட்டை மட்டும் நல்லா இறுக்கிப் பூட்டுப்பா. எங்க வீட்டு மகாராணியோட சிம்மாசனம் அது!"

மாமியார் சொன்னதைக் கேட்டு, காரின் முன்சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் சிரித்தார்.

மகன் ஒர்க்‌ஷாப் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான். மருமகள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். இதுதான் சமயம் என்று மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"முழங்கால் ஆபரேஷன் ஆனவ நான். தினமும் பிசியோதெரபிக்குப் போகணும். முன்னாடி உக்காந்து காலை நீட்டிக்கலாம்னா விடறாளா? மூணு வாரமா முந்திக்கிட்டு ஏறிடறா. பின்னாடி பேரன் பேத்தியோட நான் இடிபட்டுக்கிட்டு வரேன்."

"கேட்டுப் பாக்கலாமேம்மா?"

"கேட்டேனே! 'பின்னாடியே உக்காருங்க அத்தை'ங்கறா. அவ உக்கார்ற தோரணையைப் பாக்கணுமே! சாயவே மாட்டா. மேல இருக்கற கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, முதுகை விறைச்சுக்கிட்டு... ஆளைப் பாத்ததுமே எடை போட்டுருவேன் நான். அத்தனையும் திமிர்!"

மெக்கானிக்கின் கை நின்றது. கழற்றிய பாகத்தைத் துடைத்து நீட்டினார்.

"இதைப் பாருங்கம்மா. சீட்டு முதுகைப் பிடிச்சு நிறுத்தற ரிக்ளைனர் இது. பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. இதுல சாஞ்சீங்கன்னா சீட்டு பொத்துனு மல்லாந்துடும். உங்க கால் என்ன ஆயிருக்கும்? மூணு வாரம் முன்னாடியே உங்க மருமக வந்து சொல்லிட்டாங்க. புது பார்ட் நேத்துதான் வந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நானும் கேட்டேன். 'வண்டி ரிப்பேர்னு தெரிஞ்சா, அதையே சாக்கா வச்சு அத்தை பிசியோவுக்கு வரமாட்டாங்க'ன்னாங்க."

மாமியாருக்குச் சுருக்கென்றது. அப்படி ஒரு சாக்கைத்தான் அவர் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

புது ரிக்ளைனரைப் பூட்டி, சீட்டையும் மாட்டியாயிற்று. மருமகள் வந்து மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, முன்கதவைத் திறந்து பிடித்தாள்.

"அத்தை, இனிமே நீங்க முன்னாடி உக்காருங்க."

மாமியார் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். பிறகு அதிகாரமாகச் சொன்னார்:

"இன்னைக்கு ஒரு நாள் நீயே உக்காரு. நல்லா சாஞ்சு உக்காரு!"